தம்பியின் நீல உதட்டைப் பற்றிக் கட்டுரை எழுதக் கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

லைன்வீட்டு அக்கா:

வணக்கம். கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைனில் வளர்ந்தவர்கள் நாங்கள். தம்பிக்கு இப்போது 34 வயது. சின்னதிலிருந்தே அவனுக்கு உதடும் நகமும் கருநீலமாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பட்டப்பெயரே தவிட்டுப்பழம். எந்த நேரம் பார்த்தாலும் சோலையில் பழம் தின்றுவிட்டு வந்தவன் வாய் மாதிரி இருக்குமே, அதனால். யாரிடம் காட்டினாலும் குளிருக்கு அப்படித்தான் என்றார்கள். அம்மாவும் சித்திரை வெயிலில்கூட மங்கி குல்லா மாட்டித்தான் அனுப்புவாள். மூச்சு வாங்குவது, மயக்கம் எதுவும் கிடையாது, பச்சைத் தேயிலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவான், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் குடலிறக்க ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். தியேட்டருக்குள் படுக்கவைத்து விரலில் கிளிப் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 86 என்று காட்டுகிறது. ஆக்சிஜன் வைத்தார்கள், 86. விரல் மாற்றினார்கள், மெஷின் மாற்றினார்கள், அதே 86. ஆபரேஷன் நின்றுபோனது. ரத்தம் எடுத்த நர்ஸ் ஊசியைப் பார்த்துவிட்டு இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாராம், டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்ததாம். அப்புறம் இரண்டு நாள், "என்ன மருந்து சாப்பிட்டாய், மறைக்காமல் சொல்லு" என்று அவனைத் திருடனை விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்கள். எக்கோ, சி.டி. எல்லாம் நார்மல். கடைசியில் வயதான மயக்க மருந்து டாக்டர் ஒருவர் வந்து நகத்தைப் பார்த்து, அப்பா அம்மா சொந்தமா என்று கேட்டு (அம்மாவைக் கட்டினது அவளுடைய சொந்த மாமன்தான்), மெத்திமோகுளோபின் பாருங்கள் என்றார். 24 சதவீதம். பிறவியிலேயே ஒரு என்சைம் குறைவு என்று சொன்னார்கள். ஆபரேஷன் பிறகு நல்லபடியாக முடிந்தது.

இப்போது விஷயம் என்னவென்றால், அந்த டாக்டரின் கீழ் இருக்கும் ஒரு இளம் டாக்டர் இதைக் கேஸ் ரிப்போர்ட்டாக (ஒரே நோயாளியைப் பற்றி மருத்துவப் பத்திரிகைக்கு எழுதும் கட்டுரையாம்) எழுத வேண்டுமாம். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் படிவம், உதட்டையும் நகத்தையும் போட்டோ எடுக்கவும் சம்மதம் கேட்கிறார்கள். அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள், நாளைக்கு உன் மகளை யார் பெண் கேட்டு வருவார்கள் என்று. எனக்கு வேறு கேள்வி. ஊரில் ஒருத்தனுக்கு இருப்பதை எழுதி யாருக்கு என்ன பிரயோஜனம்? ஆராய்ச்சி என்றால் ஆயிரம் பேரைப் பார்ப்பது இல்லையா? இல்லை, அந்த டாக்டரின் பதவி உயர்வுக்காகவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லேப் ஆள், குன்னூர்:

தங்கச்சி, 31 வருஷம் ரத்தம் எடுத்தவன் நான், அந்த டிகாக்‌ஷன் நிறத்தை மொத்தமே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதில் ஒன்று பிறவிக் கோளாறு இல்லை, மருந்தால் வந்தது. அந்த நர்ஸ் கூப்பிட்டுக் காட்டினதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் காலத்தில் ஒரு வேலை செய்வோம். வெள்ளை ஃபில்டர் பேப்பரில் நோயாளி ரத்தம் ஒரு சொட்டு, பக்கத்தில் நம் ரத்தம் ஒரு சொட்டு. கொஞ்சம் விசிறிவிட்டால் நம்முடையது காற்றுப் பட்டுச் செக்கச்சிவப்பாகிவிடும், அது மட்டும் பழுப்பாகவே நிற்கும். மெஷினே வேண்டாம்.

ஏன் என்றால், ரத்தத்தில் இருக்கிற இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஹீமோகுளோபினால், அதைத்தான் மெத்திமோகுளோபின் என்கிறார்கள், ஆக்சிஜனைத் தூக்க முடியாது. உங்களுக்கும் எனக்கும் தினமும் கொஞ்சம் துருப்பிடிக்கத்தான் செய்கிறது, அதைத் திரும்பச் சரிசெய்ய ஒரு என்சைம் இருக்கிறது, தம்பிக்கு அது மந்தம். விரல் கிளிப் சொன்னதும் பொய்க்கணக்குதான். அது சிவப்பு வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் என்று இரண்டை விட்டுப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. இந்தத் துரு ரத்தம் இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவு உறிஞ்சிவிடுவதால் மெஷின் குழம்பிப்போய் 85ஐ ஒட்டியே நின்றுகொள்ளும். ஆக்சிஜன் சிலிண்டரையே கவிழ்த்தாலும் நகராது. அந்தப் பெரிய டாக்டருக்குப் பொறி தட்டியதே அந்த நகராத எண்ணைப் பார்த்துத்தான் இருக்கும்.

ஒருத்தனை வைத்து என்ன தெரியும் என்று கேட்டீர்கள். உங்கள் தம்பிக்கு இருப்பது என்ன என்று உலகத்துக்குத் தெரிந்ததே இரண்டு பேரால்தான். வட அயர்லாந்தில் 1940களில் ஜேம்ஸ் டீனி என்று ஒரு ஊர் டாக்டர். அவரிடம் வந்த அண்ணன் தம்பி இருவருக்கும் உடம்பு நீலம். இதயக் கோளாறு என்று மற்றவர்கள் விட்டிருப்பார்கள். அவர் விட்டமின் சி கொடுத்துப் பார்த்தார், நீலம் போய் நிறம் திரும்பியது. அந்த ரத்தத்தை எடுத்து பெல்ஃபாஸ்டில் குவென்டின் கிப்சன் என்பவர் குடைந்து குடைந்து, குறை எந்த என்சைமில் என்று 1948இல் சொன்னார். பரம்பரை வியாதி ஒன்றுக்குப் பின்னால் இன்ன என்சைம் குறைவு என்று கையை வைத்துக் காட்டியதில் அது ஆரம்பகாலத்தது. இரண்டே பேர், தங்கச்சி.

அமெரிக்காவில் கென்டக்கி மலைப்பக்கம் ஃபுகேட் குடும்பம் என்று ஒன்று உண்டு. ஒதுங்கின பள்ளத்தாக்கு, நாலைந்து குடும்பம், அவர்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, தலைமுறை தலைமுறையாக நீலப் பிள்ளைகள். 1960களில் மேடிசன் காவீன் என்ற ரத்த நோய் டாக்டர் தேடிப்போய் மெத்திலீன் ப்ளூ ஊசி போட்டார். நீலத்தை எடுக்க நீலச் சாயமா என்று யாருக்கும் முதலில் நம்பிக்கை வராதுதான், ஆனால் சில நிமிஷத்தில் தோல் ரோஜா நிறமாகிவிட்டது. சொந்தத்தில் கட்டுவது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை என்பதற்காகவும் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. 1945இல் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற டாக்டர் இரண்டு கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். நீலமாகிப்போன குழந்தைகள், காரணம் பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த நைட்ரேட், அந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் இதே துருதான், வந்த வழி வேறு. இன்றைக்குக் குடிதண்ணீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் வைத்திருக்கிறார்களே, அதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. நம் பக்கம் கேரட்டுக்கும் உருளைக்கும் கொட்டுகிற உரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிணறுதான் ஞாபகம் வரும், சரி, அது வேறு கதை.

மேல்மலை மணி:

எல்லோரும் எழுதுங்கள் எழுதுங்கள் என்பார்கள், நான் போடாதீர்கள் என்கிறேன். கொடைக்கானல் மேல்மலை நான். அப்பாவைக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது அவர் மண்ணீரல் வீக்கம் ஏதோ அபூர்வம் என்று ஒரே காலையில் பதினொரு பேர் வரிசையாக வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். நான் எண்ணினேன், பதினொன்று. ஒருத்தர்கூட "ஐயா, உங்கள் பெயர் என்ன" என்று கேட்கவில்லை. கட்டில் நம்பர்தான். அபூர்வ கேஸ் என்றால் அவர்களுக்கு லாபம், நமக்கு வயிற்று வலி.

வரலாறு வேண்டுமென்றால் இதையும் கேளுங்கள். 1822இல் அமெரிக்காவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்று ஒரு கூலிக்காரனுக்கு வயிற்றில் குண்டு பாய்ந்து ஓட்டை மூடாமலே நின்றுவிட்டது. போமான்ட் என்கிற ராணுவ டாக்டர் அவனைத் தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொண்டு, பட்டு நூலில் இறைச்சித் துண்டைக் கட்டி அந்த ஓட்டை வழியாக வயிற்றுக்குள் விடுவதும் எடுத்துப் பார்ப்பதுமாக வருஷக்கணக்கில் சோதனை செய்தார். செரிமானம் எப்படி நடக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது, சரி. புத்தகம் வந்தது, பெயர் டாக்டருக்கு. 1880இல் அவன் செத்தபோது வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டாக்டர்கள் உடம்பை எடுத்துவிடக்கூடாது என்று அழுகும்வரை வைத்திருந்து, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். உங்கள் அம்மா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

குறும்பன் 77:

எனக்கும் உதடு நீலமாகத்தான் இருக்கிறது, நானும் டெஸ்ட் எடுக்கணுமா?

பழைய லேப் ஆள், குன்னூர்:

முதலில் பீடியை நிறுத்துங்கள், அப்புறம் பார்க்கலாம்.

கூடலூர் ஸ்டெத்:

அக்கா, நான் கூடலூர் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறேன், நானும் படிக்கிற காலத்தில் இரண்டு கேஸ் ரிப்போர்ட் எழுதியவள்தான், அதனால் உள்ளே இருந்தே சொல்கிறேன். பதவி உயர்வுக்கா என்றால், ஓரளவு ஆமாம். எழுதினால் அவருக்கு மதிப்பு. அதில் தப்பில்லை, ஆனால் அது மட்டும்தானா என்று நீங்கள் கேட்பது சரி.

மணி அண்ணா சொன்ன பதினொரு பேரில் ஒருத்தியாக நானும் எங்கோ நின்றிருப்பேன். அதை மறுக்க மாட்டேன்.

ஒரு கேஸ் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வெறிநாய்க்கடி. வெறிநாய்க்கடி வைத்தியத்துக்கென்று தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இலிருந்து இருப்பதால் நம் மலைக்கு அது சொந்த விஷயம் மாதிரி. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பதில்லை என்பது தெரிந்ததுதான். 2004இல் அமெரிக்காவில் ஜீனா கீஸ் என்ற 15 வயதுப் பெண், வௌவால் கடித்து, தடுப்பூசி போடாமல், அறிகுறி வந்த பிறகு, பிழைத்துவிட்டாள். டாக்டர்கள் அவளை மருந்தால் ஆழ்ந்த மயக்கத்தில் வைத்துச் சில மருந்துகள் கொடுத்திருந்தார்கள். உலகமே குதித்தது. அதே முறையைப் பிறகு பல நாடுகளில் பல நோயாளிகளுக்குச் செய்து பார்த்தார்கள், பெரும்பாலும் கைகொடுக்கவில்லை. அவள் பிழைத்தது அந்த மருந்தாலா, அவள் உடம்பாலா, கடித்த வௌவாலின் கிருமி மந்தமாக இருந்ததாலா, ஒருத்தியை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் ஒரு கேஸைப் பார்த்து வைத்தியத்தை மாற்றினால் ஆபத்து. ஆனால் "தடுப்பூசி போடாதவர் பிழைக்கவே முடியாது" என்ற வாக்கியத்தில் ஓட்டை விழுந்தது அவளால்தான். நீங்கள் சொன்ன ஆயிரம் பேர் ஆராய்ச்சி எல்லாம் அதற்கு அப்புறம் வருவது. எதைத் தேடுவது என்று தெரியாமல் ஆயிரம் பேரைக் கூப்பிட்டு வைத்து என்ன செய்வது?

நம் மலையிலேயே ஒன்று இருக்கிறது. சிக்கிள் செல் ரத்தசோகை. சிகாகோவில் ஹெரிக் என்ற டாக்டர் 1910இல் ஒரே ஒரு மாணவரின் ரத்தத்தில் அரிவாள் வடிவ அணுக்களைப் பார்த்து எழுதினார், ஒரே ஒருவர். அது ஆப்பிரிக்க வம்சாவளிக்காரர்களுக்கு மட்டும் வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரி பழங்குடியினரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்து இங்கேயும் இருக்கிறது என்று எழுதினார்கள், அந்த நினைப்பு உடைந்தது. அதற்குள்ளேயே, 1948இல், ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், இந்த நோயோடு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் தொல்லை இல்லையே, கருவில் இருக்கும்போது உண்டாகிற ஹீமோகுளோபின்தான் காப்பாற்றுகிறதோ என்று கேட்டிருந்தார். பெரியவர்களான பிறகும் அந்தக் கரு ஹீமோகுளோபின் நிற்காமல் ஓடுகிற அபூர்வ ஆட்கள் சிலர் கிடைத்தார்கள். அவர்களில் சிக்கிள் ஜீனும் சேர்ந்து இருந்தவர்கள் நன்றாகவே இருந்தார்கள். அப்படியானால் எல்லாருக்கும் அதைத் திரும்ப ஓடவிட்டால் என்ன? நான் என் நோயாளிகளுக்குத் தினமும் எழுதுகிற ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை முக்கியமாக அந்த வழியில்தான் வேலை செய்கிறது. 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த ஜீன் சிகிச்சையும் அதே கதவைத்தான் திறக்கிறது, விலைதான் நாம் நினைத்துப் பார்க்க முடியாதது.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. ரத்தம் எடுத்த கட்டுரை 1952. கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை வந்தது 1990. நடுவில் இருக்கிற வருஷங்களைக் கழித்துப் பாருங்கள். அன்றைக்குக் கையை நீட்டினவர்களுக்கு அந்தக் கட்டுரையால் என்ன கிடைத்தது? மணி அண்ணாவின் கோபம் அந்த இடத்தில் எனக்குப் புரிகிறது.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் கேஸால் புதிய நோய் எதுவும் கண்டுபிடிக்கப்படப் போவதில்லை, லேப் அண்ணா சொன்ன மாதிரி 1948லேயே தெரிந்துவிட்டது. அதில் புதிது என்று எனக்குப் படுவது வேறு: மலையில் பிறந்ததால் முப்பது வருஷத்துக்கு மேல் குளிர் என்றே சொல்லி விட்டிருக்கிறோம். நானே சொல்லியிருப்பேன், ஜனவரியில் என்னிடம் நீல விரலோடு வருகிற குழந்தைகளில் எத்தனை பேருக்கு நகத்தை அழுத்திப் பார்த்தேன் என்று உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு ஊரில் ராத்திரி ஒரு மயக்க மருந்து டாக்டர் நகராத 86ஐப் பார்த்துக்கொண்டு போனில் தேடினால் இது அவர் கண்ணில் படும். அவ்வளவுதான் லாபம். சின்னதில்லை.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது: படிவத்தைத் தமிழில் கேளுங்கள், புரிகிற மொழியில் தர வேண்டியது அவர்கள் கடமை, ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டு விதியே அதுதான். போடாவிட்டாலும் வைத்தியம் நிற்காது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அச்சாகும்வரை வேண்டாம் என்று திரும்பப் பெறலாம். அச்சான பிறகு இணையத்திலிருந்து எடுப்பது நடக்காத காரியம், அதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெயர் போட மாட்டோம் என்பார்கள், அது போதாது. "34 வயது ஆண், கோத்தகிரி எஸ்டேட், குடலிறக்கம்" என்று எழுதினால் சென்னையில் யாருக்கும் தெரியாது, உங்கள் லைனில் எல்லாருக்கும் தெரியும். வயதை முப்பதுகளில் என்றும் ஊரைத் தென்னிந்திய மலைப்பகுதி என்றும் மாற்றச் சொல்லுங்கள், தொழிலை எடுத்துவிடச் சொல்லுங்கள், போட்டோவுக்கு நகம் போதும். அனுப்புவதற்கு முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கட்டுரையைவிட முக்கியம் ஒன்று. தம்பி பர்ஸில் ஒரு சீட்டு இருக்க வேண்டும், இந்த நோய் பெயரும், டாப்சோன் (தொழுநோய்க்குக் கொடுப்பது), பிரிலோகெய்ன், பென்சோகெய்ன் (இரண்டும் மரத்துப்போக வைப்பவை) போன்றவை கூடாது என்றும் எழுதி. பல் டாக்டரிடம் போனாலும் காட்ட வேண்டும். ஜி6பிடி டெஸ்ட் எடுத்தார்களா என்று கேளுங்கள், அது ரத்த அணுக்களைக் காக்கிற இன்னொரு என்சைம், அது குறைவாக இருந்தால் மெத்திலீன் ப்ளூ ரத்த அணுக்களை உடைத்துவிடும். உங்கள் மகளைப் பற்றி: அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் குறையுள்ள ஜீன் வந்தால்தான் இந்த நோய், ஒற்றை ஜீன் மட்டும் இருப்பவர்களுக்குச் சாதாரணமாக எந்தத் தொல்லையும் இல்லை, அந்த மருந்துகளில் மட்டும் கவனம். அதையும் சொந்தத்தில் கட்டுவதையும் ஒன்றாக வைத்து யோசியுங்கள், அவ்வளவுதான்.

மேல்மலை மணி:

டாக்டரம்மா சொன்ன மாதிரி கேட்டு வாங்கிக்கொண்டு போடுவதானால் சரி. சும்மா போட்டுக்கொடுக்காதீர்கள். படித்துக் காட்டச் சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

லைன்வீட்டு அக்கா:

எல்லோருக்கும் நன்றி. போன வியாழக்கிழமை போய் வந்தோம். தமிழ்ப் படிவம் இல்லை என்றார்கள், அப்படியானால் இல்லாமல் போகட்டும் என்று எழுந்தோம், அரை மணி நேரத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். ஊர், வயது, தொழில் எல்லாம் மாற்ற ஒத்துக்கொண்டார். அந்த இளம் டாக்டர் நல்ல பையன்தான், விசாரணை நடந்த இரண்டு நாளுக்காக அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டான், அவன் கேட்டிருக்க வேண்டியதில்லை, விசாரித்தது வேறு ஆள். ஜி6பிடி எடுத்திருக்கிறார்கள், குறைவு இல்லை. என் ரத்தமும் பார்த்தார்கள், எனக்கு ஒரு சதவீதத்துக்குக் கீழேதான்.

தம்பி விட்டமின் சி மாத்திரை சாப்பிடுகிறான், அந்த ஆரஞ்சு நிறச் சப்புகிற மாத்திரை. உதடு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அவன் மகன் முந்தாநாள் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அப்பா லிப்ஸ்டிக் போட்டிருக்கியா என்று கேட்டான். அம்மா குல்லாவை மட்டும் இன்னும் விடவில்லை.

ஒரு சிக்கல். நாங்கள் எல்லோரும் பெயர் தெரியக்கூடாது என்று பேசிக்கொண்டிருந்தால், கையெழுத்துப் போடும்போது அவன், என் பெயரைப் போடுவீர்களா என்று கேட்கிறான். தவிட்டுப்பழம் என்று கூப்பிட்டவனுங்க எல்லாரும் இன்னும் லைனில்தான் இருக்கானுங்க, அவனுங்களுக்குக் காட்டணுமாம். டாக்டர் முடியாது என்றுவிட்டார். முதல் எழுத்தாவது போட முடியுமா என்று இங்கே கேட்கச் சொல்கிறான்.

கூடலூர் ஸ்டெத்:

முதல் எழுத்தும் கூடாது அக்கா, பத்திரிகைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அச்சானதும் ஒரு பிரதி வாங்கி லைனில் அவனே காட்டிக்கொள்ளட்டும், அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை.